மனுவில் ‘கிளியர்லி’ போடலாமா? ‘ஆப்வியஸ்லி’ முதல் ‘கண்கூடாக’ வரை ஓர் ஒப்பீடு

தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். குடிதண்ணீர், பட்டா, ரேஷன் கார்டு, கரண்ட் கம்பம், முதியோர் பென்ஷன் என்று எதற்கு மனு எழுத வேண்டுமானாலும் அக்கம்பக்கத்துக்காரர்கள் இங்கேதான் வருவார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்ததுமே சொல்வது, "இங்கிலீஷ்ல நல்லா கிளியரா போட்டுக் குடுங்க." சரி என்று அடிக்க ஆரம்பித்தால் ‘கிளியர்லி’ என்கிற அந்த ஒரு சொல்லில் வந்து கை நிற்கிறது. போடுவதா வேண்டாமா, போட்டால் வாக்கியத்தில் எங்கே போடுவது, அதற்குப் பதில் ஆப்வியஸ்லியா எவிடென்ட்லியா, இல்லை பேசாமல் தமிழிலேயே எழுதிவிடலாமா? பல வருடமாக இதே வேலை என்பதால் எனக்கென்று ஒரு முடிவு இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் எப்படிப் பேசினார், ஒன்று எப்படித் தெரிந்தது என்று சொல்ல கிளியர்லி நல்ல சொல், தாராளமாகப் போடுங்கள். ‘நான் சொல்வது சத்தியமான உண்மை’ என்று அடித்துச் சொல்வதற்காக அதைப் போடாதீர்கள், அந்த இடத்தில் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்.

இது எனக்குப் புரிந்தது ஒரு பெரியவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் வீணாக்கிய பிறகுதான். வியாசர்பாடிக்காரர் அவர். தன் தெருவில் போட்ட மழைநீர் வடிகாலுக்கு எவ்வளவு செலவானது, வேலை எந்தத் தேதியில் முடிந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தார். 30 நாள் தாண்டியும் ஒரு கடிதம் வரவில்லை. மேல்முறையீடு போட வேண்டும் என்று வந்தார். நான் இங்கிலீஷில் அடித்துக் கொடுத்தேன், அதில் ஒரு வரி: ‘தி ஆபீஸ் டிட் நாட் ரிப்ளை கிளியர்லி’. பதிலே தரவில்லை என்பது பளிச்சென்று தெரிகிறது என்று சொல்லத்தான் நினைத்தேன். எழுதியதோ வேறு. அந்த வரிக்கு அர்த்தம், பதில் தந்தார்கள், ஆனால் அது தெளிவாக இல்லை என்பது. விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று அங்கே இருந்த அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "தெளிவில்லாத பதில்னு எழுதியிருக்கீங்களே, அந்தப் பதிலைக் காட்டுங்க." பெரியவரிடம் காட்ட என்ன இருக்கிறது? மனுவைத் திருத்தி எடுத்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெயிலில் வந்தவர் தாளை மேஜையில் வைத்து, "இன்னாப்பா எழுதின, பதில் வந்துச்சுன்னா நான் சொன்னேன்?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

இத்தனைக்கும் சட்டத்திலேயே இந்த இரண்டும் தனித்தனி. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7(2) பிரிவுப்படி, குறித்த காலத்துக்குள் முடிவு சொல்லவில்லை என்றால் தகவல் தர மறுத்துவிட்டதாகவே கருதப்படும். பதில் வந்து அதில் திருப்தி இல்லை என்பது இன்னொரு வகை. மேல்முறையீட்டுக்கு இரண்டுமே காரணமாகலாம், ஆனால் எது என்று சொல்ல வேண்டும். நான் ஒரு சொல்லைத் தவறான இடத்தில் வைத்ததில் அவருடைய வழக்கே வேறு வழக்காகிவிட்டது.

அதனால் முதலில் இடத்தைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் எந்தச் சொல் என்பதைவிட எந்த இடம் என்பதில்தான் நிறைய பேர் விழுகிறார்கள். கிளியர்லி வாக்கியத்தின் கடைசியில் வந்தால் அது வினையோடு ஒட்டிக்கொள்ளும், எப்படி என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்: பேசினார், எப்படிப் பேசினார், தெளிவாகப் பேசினார். வாக்கியத்தின் முன்னால் வந்து ஒரு கமாவும் விழுந்தால் அது எழுதுகிறவனின் தீர்ப்பு. ‘கிளியர்லி, ஹி டிட் நாட் ஆன்சர்’ என்றால் அவர் பதில் சொல்லவே இல்லை, அதில் சந்தேகம் கிடையாது. ‘ஹி டிட் நாட் ஆன்சர் கிளியர்லி’ என்றால் என்னவோ சொன்னார், விளங்கவில்லை. அதே ஐந்து சொற்கள்தான். நடுவில் வந்தால் இரண்டில் எது என்பது சந்தர்ப்பத்தைப் பொறுத்தது. ‘ஹி கிளியர்லி எக்ஸ்ப்ளெயின்ட் தி ரூல்’ என்பதைத் தெளிவாக விளக்கினார் என்றும் படிக்கலாம், விளக்கத்தான் செய்தார், விளக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது என்றும் படிக்கலாம். பேச்சில் குரல் காப்பாற்றிவிடும். தாளில் குரல் இல்லை. அதனால் மனுவில் நடு இடம் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

வேலைக்கு இன்டர்வியூ போகிற பிள்ளைகளுக்கும் இதே சிக்கல் வருகிறது. ‘ஐ கேன் கிளியர்லி ஸ்பீக் இங்கிலீஷ்’ என்று பயோடேட்டாவில் அடிக்கச் சொல்கிறார்கள். கேட்கிறவருக்கு அது ‘எனக்கு இங்கிலீஷ் வரும் என்பதுதான் தெரிகிறதே’ என்கிற தொனியில் போய்ச் சேரக்கூடும். அவர்கள் சொல்ல வந்தது, ‘நான் பேசினால் புரியும்’. கிளியர்லியைக் கடைசிக்குத் தள்ளினாலே போதும்.

சரி, இப்போது சொற்களுக்கு வருவோம். ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால்தான் ருசி தெரியும். காசிமேட்டில் மீன் விற்கிற அக்கா ஒருவர் இருக்கிறார், வீடு என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி. ஒரு நாள் காலையில் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். "அடிபம்புல அடிச்சா கருப்பா வருது தம்பி. ராத்திரி முழுக்க வச்சாலும் தெளியவே மாட்டேங்குது." ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். மேலே வெளிறின மஞ்சள், அடியில் விரல் கனத்துக்குக் கருப்பாக ஒரு படிவு. லேசாகத் தட்டினதும் அந்தப் படிவு நூல் நூலாகக் கிளம்பி மேலே வந்தது. மூடியைத் திறந்தால் வாடை. எங்கள் பக்கம் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான், அடிபம்பில் வருவதும் குழாய்த் தண்ணீர்தான். தண்ணீர் விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது, பக்கத்தில் ஓடுகிற கழிவுநீர்க் குழாயில் கசிவு இருந்தால் அந்தத் தண்ணீர் குடிநீர்க் குழாயின் விரிசல் வழியாக உள்ளே இறங்கிவிடும், திறந்ததும் முதலில் வருவது அதுதான். நான் பழக்க தோஷத்தில் அடித்த வரி, ‘சூவேஜ் இஸ் கிளியர்லி மிக்ஸிங் வித் தி டிரிங்கிங் வாட்டர்’, குடிநீரில் கழிவுநீர் கலப்பது தெளிவாகத் தெரிகிறது என்று. அந்த இடத்தில் என்னவெல்லாம் போடலாம்?

ஆப்வியஸ்லி போடலாம். இந்தச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு ‘வழியில் எதிர்ப்படுவது’ என்று பொருள். போகிற வழியில் குறுக்கே நிற்கிறது, இடித்துக்கொள்ளாமல் போக முடியாது, அப்படித் தெரிவது. தமிழில் இதற்கு நிகரான படிமம் நம்மிடமே இருக்கிறது, வெள்ளிடைமலை. வெட்டவெளியில் நிற்கிற மலையை யார் காட்டித்தர வேண்டும்? ஆனால் மனுவில் ஆப்வியஸ்லி எழுதினால் அதில் ஒரு முள் இருக்கிறது. ‘கழிவுநீர் கலக்கிறது, இதுகூடத் தெரியாதா உனக்கு’ என்று எதிரில் இருப்பவரைக் குத்துகிற முள். பேச்சில் நாம் ‘பின்னே?’ என்று ஓர் இழுப்பு இழுப்போமே, அதுதான் ஆப்வியஸ்லி. நண்பனிடம் பேசும்போது நல்ல சொல். வேலை ஆக வேண்டிய இடத்தில் எழுதினால் படிக்கிறவர் முகம் சுளிப்பார், நமக்கு அதனால் ஒரு பைசா லாபம் கிடையாது.

எவிடென்ட்லி கொஞ்சம் மேல். அதன் உள்ளே இருப்பது பார்த்தல் என்கிற லத்தீன் வினை, நம்முடைய கண்கூடு மாதிரி. இந்தச் சொல்லைப் போட்டால் படிக்கிறவர் அடுத்த வரியில் ஆதாரத்தை எதிர்பார்ப்பார். தரையில் ஈரத்தைப் பார்த்துவிட்டு ‘ராத்திரி மழை பெய்திருக்கு போல’ என்கிறோம், மழையைப் பார்க்கவில்லை, ஈரத்தைப் பார்த்தோம். எவிடென்ட்லி பல நேரம் இந்தப் ‘போல’வைத்தான் தாங்கி நிற்கிறது. அதனால் நீங்கள் நேரில் பார்த்த ஒன்றுக்கு எவிடென்ட்லி போட்டால் உங்கள் சாட்சியையே நீங்கள் ஒரு படி இறக்குகிறீர்கள். நேரில் பார்க்காமல் தடயத்தை வைத்துச் சொல்லும்போது போடலாம், தடயத்தையும் கூடவே எழுத வேண்டும்.

அப்பேரன்ட்லி பக்கமே போகாதீர்கள். நான் பார்த்த மனுக்களில் அதிகம் சேதம் செய்தது இந்தச் சொல்தான். ‘தெளிவாகத் தெரிகிறபடி’ என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள், அந்தக் காலத்தில் அதற்கு அந்தப் பொருளும் இருந்தது. இங்கிலாந்து அரச குடும்பத்தில் ‘ஏர் அப்பேரன்ட்’ என்று வாரிசைச் சொல்லும்போது அந்தப் பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உரிமையில் சந்தேகமே இல்லாத வாரிசு என்று அர்த்தம். இன்றைய அப்பேரன்ட்லி அப்படி இல்லை. அது நம் ‘ஆம்’ விகுதி. வந்தாராம், சொன்னாராம், கலக்குதாம். கேள்விப்பட்டேன், எனக்கு உறுதியாகத் தெரியாது, பொறுப்பு என்னுடையது இல்லை. தமிழில் ஒற்றை ‘ஆம்’ செய்கிற வேலையை இங்கிலீஷ் இவ்வளவு நீளமான ஒரு சொல்லை வைத்துச் செய்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். அக்காவின் வாக்கியத்தில் அதைப் போட்டால் என்ன ஆகும்? பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்பிள்ளை, ‘தண்ணியில கழிவுநீர் கலக்குதாம்’ என்று சொல்கிற மாதிரி ஆகும்.

பிளெயின்லி நல்ல சொல், சாதாரணமான சொல், கிளியர்லியின் இரண்டு வேலைகளையும் செய்யும், கூடவே ஒளிவுமறைவு இல்லாமல் என்கிற வாசனையும் உண்டு. கிளியர்லிக்குப் பதில் போட்டால் தப்பில்லை, பெரிய லாபமும் இல்லை. டெஃபினிட்லி கண்டிப்பாக என்கிற சத்தியத்தின் இனம், அது தெளிவைப் பற்றியதே இல்லை.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் கிளியர்லியே பரவாயில்லை போலிருக்கிறதே என்று தோன்றும். முன்னால் பாரிமுனைப் பக்கம் தம்புச் செட்டித் தெருவில் ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்த்தேன், வக்கீல்கள் நடமாட்டம் அதிகம். அங்கே ஒரு சீனியர் வக்கீல் வாக்கியத்தின் முன்னால் வருகிற கிளியர்லி எல்லாவற்றையும் சிவப்பு மையில் அடித்துவிட்டுத்தான் கொடுப்பார். "இந்தச் சொல் இருந்தா ஜட்ஜ் அங்கதான் முதல்ல சந்தேகப்படுவார்" என்பார். சட்டத்தில் அந்தச் சொல்லுக்குக் கனம் உண்டுதான், ஆனால் அந்தக் கனத்தை நீதிமன்றம் அளந்து வைத்திருக்கும். அமெரிக்காவில் கீழ்க்கோர்ட்டு ஓர் உண்மையைக் கண்டறிந்ததில் தவறியது என்று சொல்ல ‘கிளியர்லி எரோனியஸ்’, அதாவது தெளிவாகவே தவறு, என்றொரு அளவுகோல் இருக்கிறது. 1948இல் ஜிப்சம் நிறுவன வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதற்கு விளக்கம் சொன்னது: ஆதரவாகக் கொஞ்சம் சாட்சியம் இருந்தாலும், மொத்தத்தையும் பார்த்த பிறகு தவறு நடந்துவிட்டது என்ற உறுதியான எண்ணம் நீதிபதிக்கு வர வேண்டும். மொத்தத்தையும் பார்த்த பிறகு. நம் மனுவில் அந்த மொத்தம் எங்கே? சொல் மட்டும் வந்து நிற்கிறது.

இந்திய விதி ஒன்றையும் சொல்லலாம். டாக்டர்கள் மருந்துச் சீட்டு எழுதுவதைப் பற்றி மருத்துவக் கவுன்சில் 2016இல் தன் விதியைத் திருத்தியபோது, ஜெனரிக் பெயரை, அதாவது மருந்தின் பொதுப்பெயரை, ‘லெஜிப்லி’ எழுத வேண்டும், முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று போட்டது. கிளியர்லி என்று போட்டிருந்தால் எழுத்து தெளிவா, சொல்ல வந்தது தெளிவா என்ற கேள்வி வந்திருக்கும். லெஜிப்லி என்றால் கண்ணால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடிய வேண்டும், அவ்வளவுதான். பொருள் குறுகின சொல் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்வது நல்லது என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்றையும் இங்கேயே முடித்துவிடுகிறேன், பிள்ளைகள் அடிக்கடி கேட்பது. ‘லவுட் அண்ட் கிளியர்’ என்கிறார்களே, அங்கே ஏன் ‘லி’ இல்லை? கிளியர் என்பதே சில இடங்களில் வினைக்கு அடையாக வந்துவிடும், அவ்வளவுதான். கடலுக்குப் போகிற படகில் வயர்லெஸ் வைத்திருந்தால் இதைக் கேட்கலாம். வயர்லெஸ்ஸில் குரல் எவ்வளவு புரிகிறது என்பதற்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை அளவு உண்டு, ஐந்து என்றால் முழுசாகப் புரிகிறது. ‘ஸ்டாண்ட் கிளியர்’ என்று லிஃப்ட் கதவில் எழுதியிருந்தால் அது தெளிவாக நில் என்பதில்லை, தள்ளி நில். அங்கே ‘லி’ சேர்த்தால் அர்த்தம் கெட்டுவிடும். கடலில் இருந்து கேட்டால் நம் ஆட்கள் தமிழில் என்ன சொல்வார்கள்? ‘நல்லா கேக்குது’. தெளிவாக என்ற சொல் அங்கே வரவே வராது.

அதுதான் தமிழ்ப் பக்கத்தின் முதல் பாடம். கிளியர்லியைப் பார்த்ததும் தெளிவாக என்று போட்டுவிட்டுப் போவது சோம்பல். கேட்பதற்கும் ஞாபகத்துக்கும் ‘நல்லா’ போதும். கண்ணுக்குத் தெரிவதற்குப் பளிச்சென்று. மறுப்பதற்குத் திட்டவட்டமாக, ‘அமைச்சர் திட்டவட்டமாக மறுத்தார்’ என்று பேப்பரில் வருவது அதனால்தான். முடியாது என்று சொல்வதற்குக் கறாராக. பொய்க்கும் காப்பிக்கும் அப்பட்டமாக. நேரில் பார்த்ததற்குக் கண்கூடாக. மறைக்காமல் சொல்வதற்கு உடைத்து. வினை மாறினால் அடையும் மாறும், அந்தந்த வினைக்கு அதனதன் துணை இருக்கிறது, மாற்றிக் கட்டிவைத்தால் ஒட்டாது. கறாராகக் கேட்டது என்று யாரும் சொல்வதில்லை.

தெளிவாக என்ற சொல்லுக்கு இவற்றிலிருந்து தனியாக ஒரு குணம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த குணம். தமிழில் தெளிவு தண்ணீரிலிருந்து வருகிறது. கலங்கியது நின்று, மண் அடியில் தங்கி, மேலே நிற்பது தெளிவு. கிணற்றுத் தண்ணீர் கலங்கலாக இருந்தால் பானையின் உட்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைப்பார்கள், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். வீட்டில் ரசம் ஊற்றும்போது தெளிவா மண்டியா என்று கேட்கிறோம். மயக்கம் தெளிந்தது என்கிறோம், போதை தெளிந்தது என்கிறோம். இங்கிலீஷின் கிளியருக்கு மூலமான லத்தீன் சொல் வெளிச்சத்துக்கும் கணீரென்ற குரலுக்கும் வருவது, அது முதலிலிருந்தே பளிச்சென்று இருக்கலாம். நம் தெளிவுக்கு முன்னால் ஒரு கலங்கல் இருந்தே ஆக வேண்டும், அது தங்குவதற்கு நேரமும் வேண்டும். திருக்குறளில் 51ஆம் அதிகாரத்தின் பெயரே ‘தெரிந்து தெளிதல்’ என்பதுதான். ஒருவரை ஆராய்ந்து பார்ப்பது முதலில், நம்பி ஏற்பது அப்புறம். மனு எழுதுகிறவன் செய்ய வேண்டியதும் அதே வரிசைதான்.

அப்புறம் தமிழ் இலக்கணம் நமக்குச் செய்கிற ஓர் உதவி. ‘கிளியர்லி, ஹி இஸ் லையிங்’ என்பதை ஃபோனில் மொழிபெயர்க்கப் போட்டால் ‘தெளிவாக, அவர் பொய் சொல்கிறார்’ என்று வருவதுண்டு. அதைத் தமிழ்க் காதோடு படித்தால் அவர் குழப்பம் இல்லாமல், அழகாகப் பொய் சொல்கிறார் என்று ஆகிவிடும். இதே மாதிரி வாக்கியங்களை இப்போது செய்திகளிலும் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. தமிழில் அதைச் சொல்ல வேண்டுமானால் ‘அவர் பொய் சொல்கிறார் என்று நன்றாகத் தெரிகிறது’ என்றுதான் சொல்ல முடியும். ‘என்று தெரிகிறது’ வந்துவிட்டால் உடனே கேள்வி வரும்: யாருக்குத் தெரிகிறது, எதனால் தெரிகிறது? இங்கிலீஷில் ஒரு கமாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடிகிற ஆள் தமிழில் வெளியே வந்துதான் ஆக வேண்டும். பெரியவரின் வரியை அன்றைக்கே தமிழில் எழுதியிருந்தால் அந்தத் தவறு நடந்திருக்கவே வாய்ப்பில்லை. ‘பதில் தரவில்லை’, ‘தெளிவான பதில் தரவில்லை’, இந்த இரண்டையும் தமிழில் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

தமிழில் எழுதினால் எடுபடாது என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவு இங்கிலீஷ், இந்தி, அல்லது அந்தந்தப் பகுதியின் ஆட்சிமொழி எதில் வேண்டுமானாலும் மனுவை எழுதலாம் என்றுதான் சொல்கிறது. கட்டணம் அதே 10 ரூபாய். ஏன் கேட்கிறாய் என்று காரணமும் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு தமிழில் கேட்க எந்தக் கூச்சமும் வேண்டாம். ஆகவே உள்ளூர் அலுவலகம் என்றால் தமிழ், கண்ணை மூடிக்கொண்டு. வெளிமாநிலத்தில் இருக்கிற கம்பெனி, இன்ஷூரன்ஸ், தமிழ் தெரியாத அதிகாரி என்றால் இங்கிலீஷ், அதிலும் கிளியர்லியை ‘ரைட்’, ‘எக்ஸ்ப்ளெயின்’, ‘ஷோ’ மாதிரி வினைகளுக்குப் பின்னால் மட்டும். ‘காரணத்தைத் தெளிவாக எழுதித் தெரிவிக்கவும்’ என்று கேட்க அதைவிட நல்ல சொல் இல்லை.

அக்காவின் மனுவுக்கு வருகிறேன். அடித்து வைத்திருந்த இங்கிலீஷ் வரியை அழித்தேன். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். எத்தனை நாளாக? எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுகிறார்கள்? எத்தனை குடம் வரைக்கும் கருப்பு? அப்புறம் மாறுகிறதா? பக்கத்து வீட்டில்? யாருக்காவது வயிற்றுப்போக்கு? முதலில் அவருக்குச் சலிப்பாக இருந்தது. "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே தம்பி, கழிவுத் தண்ணி கலக்குதுன்னு போடேன்" என்றார். இல்லைக்கா, நீங்க பார்த்ததைச் சொல்லுங்க, கலக்குதுன்னு அவங்களே சொல்லட்டும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். கடைசியில் தமிழில் இப்படி வந்தது:

‘கடந்த 12 நாட்களாக எங்கள் வீட்டு அடிபம்பில் காலை 5 மணிக்கு வரும் தண்ணீர் முதல் ஆறு குடம் வரை கருப்பாகவும் சாக்கடை வாடையுடனும் வருகிறது. ஏழாவது குடத்திலிருந்து நிறம் குறைகிறது, வாடை போகவில்லை. எவர்சில்வர் குடத்தில் இரவு முழுக்க வைத்தும் தெளியவில்லை, அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கருப்புப் படிவு நிற்கிறது. எங்கள் வரிசையில் நான்கு வீடுகளில் இதே நிலை. இரண்டு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, மருந்துச் சீட்டின் நகல் இணைத்துள்ளேன். தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்திருக்கிறேன். பரிசோதனை செய்து, முடிவை எழுத்தில் தெளிவாகத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.’

ஒரே ஒரு தெளிவாக, அதுவும் கடைசியில், அவர்கள் செய்ய வேண்டிய வேலைக்கு. பிரின்ட் எடுத்து முழுசாகப் படித்துக் காட்டினேன். அக்கா பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் தாளை வாங்கி முதல் வரியில் விரலை வைத்தார்.

"அஞ்சு மணி இல்ல தம்பி, அஞ்சேகால். மார்க்கெட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நான்தான் அடிக்கிறேன், எனக்குத் தெரியும். அத்த மாத்து."

மாற்றிவிட்டு இன்னொரு பிரின்ட் எடுத்தேன்.